அளவுகோலை அளத்தல்

நுழையும்முன்

பள்ளிக்கும் உயர்கல்விக்கும் இடையே உள்ள வாயிலை மதிப்பெண்ணே திறக்கிறது. அம்மதிப்பெண்ணை எத்தேர்விலிருந்து கொள்வது? வெவ்வேறு தேர்வுகளில் பெற்ற மதிப்பெண்களை எவ்வாறு ஒப்பிடுவது? உதவித்தொகைக்குரியவர் யார்? இவ்வினாக்களுக்குச் சென்னையில் காலந்தோறும் தேடப்பட்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு பாடத்தால் நின்ற உதவித்தொகை

கும்பகோணத்தில் பள்ளிக்கல்வியை முடித்த சீனிவாச இராமானுஜன், 1904ஆம் ஆண்டு அவ்வூர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே முழுவதும் ஆழ்ந்திருந்தமையால் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை நின்றது. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். கணிதம் தவிர்த்த பிற பாடங்கள் கைகொடுக்காமையால் எஃப்.ஏ. தேர்வில் அவரால் வெற்றி பெற இயலவில்லை. பட்டம் இல்லாத அவர், 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் மாத ஊதியத்தில் எழுத்தராகப் பணியேற்றார்.

அவருடைய கணிதக் குறிப்பேடுகளைக் கண்ட அறிஞர்கள் அவருக்காகப் பரிந்துரைத்தனர். 1913ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றோருக்குரிய அத்தொகை, பட்டமே பெறாத ஒருவருக்கு விதிவிலக்காக அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

தேர்வு, இராமானுஜனின் ஆங்கிலத்தைச் சரியாகவே அளந்தது. அவருடைய கணித ஆற்றலை அளக்க அத்தேர்வில் இடமில்லை. அக்குறையை நிறைவு செய்தோர் சில நல்லறிஞர்கள். ஒருவருக்காக விதியைத் தளர்த்தலாம். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வந்து நிற்கும் வாயிலில் ஒவ்வொருவருக்கும் அவ்வாறு செய்தல் இயலுமா? அங்கு விதியே செம்மையாக இருத்தல் வேண்டும்.

நுழைவுத் தேர்வும் அதன் நீக்கமும்

தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற்கல்விகளுக்கு 1984ஆம் ஆண்டு பொது நுழைவுத் தேர்வு அறிமுகமாயிற்று. பன்னிரண்டாம் வகுப்புப் பாட மதிப்பெண்கள் 200க்கும், நுழைவுத் தேர்வு மதிப்பெண் 100க்கும் கணக்கிடப்பட்டு, 300க்குத் தரவரிசை அமைக்கப்பட்டது. பல்வேறு பாடத்திட்டங்களில் பயின்றோரை ஒரே வினாத்தாளால் ஒப்பிடலாம் என்பது இம்முறையை ஆதரித்தோரின் வாதம்.

நடைமுறையில் வேறொரு வேறுபாடு தலைதூக்கியது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் மாணவருக்குத் தனிப்பயிற்சி மையம் நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. சிற்றூர் மாணவருக்கு அது பேருந்தில் சென்றாலும் எட்டாத தொலைவு. எட்டினாலும் கட்டணம் எட்டாது. தேர்வு நாளில் இருவர்க்கும் வினாத்தாள் ஒன்றே. அந்நாளுக்கு முந்தைய ஓராண்டு ஒன்றாக இருக்கவில்லை.

2005இல் இத்தேர்வை நீக்க அரசு மேற்கொண்ட முயற்சி நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை. 2006ஆம் ஆண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருட்டிணன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் ஆய்வைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டத்திற்கு 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாயிற்று. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்கள் கணக்கிடப்படுகின்றன.

சமன்செய்யும் கணக்கு

வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களை ஒப்பிடுவதற்கும் அச்சட்டம் வழிவகுத்தது. இயற்பியலில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100 எனவும் மற்றொரு வாரியத்தின் முதல் மதிப்பெண் 90 எனவும் கொள்வோம். இரண்டும் 100க்கு இணையாகக் கருதப்படும். அம்மற்றொரு வாரியத்தில் 60 பெற்றவரின் மதிப்பெண் 66.66 ஆகும். எண் ஒன்றாயினும் அதைத் தந்த தேர்வு ஒன்றன்று என்பதை இக்கணக்கு ஏற்றுக்கொள்கிறது.

மருத்துவக் கல்வியும் நீட் தேர்வும்

2017 முதல் தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கை, 720 மதிப்பெண்களுக்கு நடத்தப்படும் நீட் தேர்வின் அடிப்படையில் நடைபெறுகிறது. நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு இருப்பின், மாணவர் பல தேர்வுகளை எழுத வேண்டியதில்லை. சேர்க்கை வெளிப்படையாகும் என்பது ஒரு சாரார் கருத்து. பயிற்சிக்குப் பொருள் செலவிட இயலாதோரையும் மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்றோரையும் இத்தேர்வு பின்னுக்குத் தள்ளுகிறது என்பது மற்றொரு சாரார் கருத்து. இதன் விளைவுகளை ஆராய 2021இல் நீதியரசர் ஏ.கே. இராஜன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டே விலக்குக் கோரும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை.

இதற்கிடையே 2020ஆம் ஆண்டு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோருக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினர். அவ்வாண்டு முந்நூறுக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். தேர்வு மாறவில்லை, மதிப்பெண்ணைப் படிக்கும் முறை மாறியது. 2021இல் இவ்வொதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவடைந்தது.

பிற நாடுகளிலும் இவ்வாதம் முடிந்தபாடில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் சேர்க்கையில் எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணைக் கருதுவதைக் கைவிட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ, பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திவைத்த அம்முறையை 2022இல் மீண்டும் ஏற்றது.

தெரியுமா?

பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கான தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் உதவித்தொகை பெறுகின்றனர். இவர்களில் பாதிப்பேர் அரசுப் பள்ளி மாணவர்கள். வினாக்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்தே கேட்கப்படுகின்றன.

தராசும் தட்டும்

தராசு இன்றி வணிகம் இல்லை. தேர்வு இன்றி ஆயிரம் இடங்களை இலட்சம் பேருக்குப் பகிர்ந்தளிக்கவும் வழியில்லை. எனினும், நல்ல வணிகர் நிறுக்கும் முன் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா எனப் பார்ப்பார். மதிப்பெண் ஒருவர் அடைந்த இடத்தைக் காட்டும். அவர் புறப்பட்ட இடத்தைக் காட்டாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் விதியை வகுப்பதே நெறியுடைய சேர்க்கை. இன்று அவ்வாயிலை நோக்கி நடக்கும் மாணவர்களே நாளை அவ்விதிகளை வகுக்கும் இடத்திலும் அமர்வர்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரியத்தின் வேதியியல் முதல் மதிப்பெண் 95. அவ்வாரியத்தில் 76 பெற்ற மாணவரின் சமன்செய்த மதிப்பெண்ணைக் கணக்கிடுக.

2. ‘உயர்கல்விச் சேர்க்கைக்கு ஏற்றது: பொதுத் தேர்வா? நுழைவுத் தேர்வா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உம் பள்ளி மாணவர்கள் பெறத்தக்க உதவித்தொகைகளையும் அவற்றிற்குரிய தகுதிகளையும் திரட்டி, அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்க.