சாயநீர் கற்பித்த பாடம்



நம் பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசலில் வெடிக்கும் பருத்தி, பனியனாகி நம் மேனியில் ஏறுமுன் எத்தனை கை மாறுகிறது தெரியுமா? பஞ்சு பிரிக்குமிடம், நூற்பாலை, பின்னல் தறி, சாயப்பட்டறை, தையற்கூடம் என்று ஒரு நீண்ட சங்கிலி அது. அதில் ஒரு கண்ணி கெட்டால் என்னவாகும் என்பதைத் திருப்பூர் அனுபவித்து அறிந்தது.

பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். நீரில் கரைந்த சாயத்தை இழையின்பால் தள்ளுவது உப்பே. ஆனால் அது துணியில் தங்குவதில்லை. அலசும் நீரோடு வெளியேறிவிடும். அந்நீர் பல்லாண்டுகள் நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்க் குட்டையாயிற்று. கிணறுகள் உவர்த்தன. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்து உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவாயிற்று.

தையற்கூடங்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. ஆயினும் சாயமிட்ட துணி வராமல் அவையும் தவித்தன. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றினர். செலவு கூடிற்று, தவணை தவறிற்று. ஆற்றைக் காப்பது உழவர் கவலை மட்டுமே என்று எண்ணியவர்களுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்திருக்கும்!

நம் எறையூர்ச் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை வீணென்று எறிவதில்லை; கொதிகலனுக்கு அதுவே விறகு. அதுபோலவே திருப்பூரும் உப்பை மீட்கக் கற்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை நுண்சவ்வின் வழியே அழுத்தித் தெளிநீரைப் பிரிக்கின்றனர். எஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கின்றனர். நீரும் உப்பும் மறுபடி சாயத்தொட்டிக்கே செல்கின்றன. இதற்கென 2011-இல் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது.

மின்சாரமும் விறகும் மிகுதியாகச் செலவாவதால் சாயக்கூலி ஏறியது உண்மை. ஆயினும் தொழில் அழியவில்லை. 2024-25-இல் திருப்பூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். சுத்தமான சாயத்துக்குச் சான்று கேட்கும் அயல்நாட்டு வணிகரிடம் காட்ட இன்று அவர்கள் கையில் சான்று இருக்கிறது. சான்று கேட்பவர்கள் விலையைக் கூட்டித் தருவதில்லையே என்ற மனக்குறையும் அங்கே உண்டு. பிரிக்க முடியாத கலப்பு உப்போ, மூட்டை மூட்டையாய்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலேயே தேங்குகிறது.