தூக்கியவர் திறமையா, விழுந்தவர் திறமையா?

அமெரிக்க தொழில்முறை மல்யுத்த ரசிகர்கள் இன்னும் விடாத வாக்குவாதம் இது. 1987 மார்ச் 29, மிச்சிகன் மாநிலத்தில் ரெஸில்மேனியா 3. 520 பவுண்டு என்று அறிவிக்கப்பட்ட ஆண்ட்ரேயை ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்டார். "அதே மேடையில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியதுதான் ஆட்டம். ஒவ்வொரு அசைவும் முன்பே திட்டமிட்டுப் பழகியது. ஹோகனுக்கு என்னப்பா தெரியும்?" என்பது ஒரு கட்சி. வேகம், பிடி என்று பார்த்தால் சரிதான். ஆனா ஆண்ட்ரேயை மறந்துடறாங்க!

முடிவு பேசி வைத்ததுதான். விழுகிற அடி நிஜம். தாடையை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழணும். நம்ம மெக்கானிக்ஸ் பாடம்தான்: பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். தலை முதலில் பட்டால் கழுத்து போச்சு. ஆண்ட்ரேயோ ஏற்கெனவே முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அந்த முதுகோடுதான் விழுந்தார். ஹோகனுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி அவருடையது என்பது என் கட்சி.