அர்ஜியும் அம்ரித்தும்: இளையோர் புதினத்தை நயத்தல்

கருப்பொருள், கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, பின்னணி, படிப்பினை. இடைநிலைப்பள்ளியில் இலக்கியம் பயின்ற நம்மில் பலரும் மனனம் செய்த வரிசை இது. தன்பால் ஈர்ப்புடைய ஓர் இளைஞன் கதைத்தலைவனாக வரும் புதினத்தையும் இவ்வரிசையில் நயக்கலாம். ஆனால், பலர் படிப்பினையிலிருந்தே தொடங்கி, சரியா தவறா என்று தீர்ப்புக் கூறிப் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். சுவைக்கும் முன்பே எழுதும் தீர்ப்பால் இழப்பு வாசகருக்கே.

இதற்குச் சான்றாக ஷியாம் செல்வதுரையின் இரு ஆங்கிலப் புதினங்களைக் காண்போம். இவர் 1965இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின் குடும்பத்துடன் கனடாவில் குடியேறினார்.

1. பாத்திரமும் பின்னணியும்

‘ஃபன்னி பாய்’ (1994) ஆறு கதைகளால் ஆன புதினம். சிறுவன் அர்ஜி பாட்டி வீட்டில் பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடுகிறான். சேலை கட்டி மணப்பெண் ஆகிறான். அவனுக்கு அது விளையாட்டு, பெரியவர்களுக்கோ அவமானம். வெட்கம் அவனிடம் பிறக்கவில்லை, அவன்மீது சுமத்தப்படுகிறது என்பதை ஆசிரியர் விளக்காமலேயே காட்டிவிடுகிறார். பின்னர் அவனை ‘ஆணாக்க’ வேறு பள்ளிக்கு அனுப்புகிறார் தந்தை. தமிழ்ப் பையனான அவன் சிங்கள மொழி வகுப்பில் அமர்கிறான். காப்பாரில் தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசியப் பள்ளியில் கால் வைத்த எனக்கு அந்த வகுப்பறை அந்நியமாகப் படவில்லை.

2. போராட்டம்

‘சுவிம்மிங் இன் த மன்சூன் சீ’ (2005) இளையோருக்காகவே எழுதப்பட்டது. களம் 1980ஆம் ஆண்டுக் கொழும்பு. பெற்றோரை இழந்த பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வரும் உறவினன் நிரேஷிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். நிரேஷோ, அம்ரித்துடன் வளரும் மாலாவிடம் நெருங்குகிறான். பள்ளியில் ‘ஒத்தெல்லோ’ நாடகப் பயிற்சி நடக்கிறது. பொறாமை மேடையிலும் மனத்திலும் ஒருசேர வளர்கிறது. பொறாமைக்குப் பால் வேறுபாடு இல்லை. அதை அறிந்த எவரும் அம்ரித்தை அறிவர். இப்புதினத்தின் சுவை இதுவே.

3. நோக்குநிலை

தமிழில் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’, சுயம்பு என்ற கல்லூரி மாணவன் மேகலையாக மாறும் கதை. அது சமுதாயத்தைப் பார்த்து நியாயம் கேட்கிறது, வாசகர் இரங்குகிறார். செல்வதுரையின் கதைகளிலோ நாம் அச்சிறுவனின் கண்வழியே பார்க்கிறோம். இரங்குவதற்கு முன்பே அவனாகிவிடுகிறோம். இரண்டும் தேவையே. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ போன்ற தன்வரலாறுகள் மூன்றாவது வழி: அங்கே வாழ்ந்தவரே பேசுகிறார்.

‘இது நம் மரபில் இல்லாதது’ என்பார்க்கு இலக்கணமே விடை கூறும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் பேடியரை உயர்திணைக்குள் வைத்தே வினைமுடிபு கூறுகிறது. நன்னூலும் பெண்மை விட்டு ஆண்மை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்ள இடமளிக்கிறது. எப்படி அழைப்பது என்று நம் இலக்கணிகள் சிந்தித்திருக்கிறார்கள்.

நாம் சிந்தித்தோமா? படிவம் மூன்றில் என்னுடன் படித்த ஒருவனுக்குப் ‘பொண்டான்’ என்பதே பெயராயிற்று. படிவம் நான்கில் அவன் பள்ளிக்கு வரவில்லை. அர்ஜியைப் படித்த வகுப்பாக எங்கள் வகுப்பு இருந்திருந்தால், அவனுடைய உண்மைப் பெயர் இன்னும் சிலர் வாயிலாவது வந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, இத்தகைய புதினம் கைக்கு வந்தால் மூன்று வினாக்களோடு படியுங்கள். இவன் எதை விரும்புகிறான்? எதற்கு அஞ்சுகிறான்? அந்த அச்சத்தை அவனுக்குக் கொடுத்தவர் யார்? முதல் இரண்டுக்கும் விடை கதையிலேயே கிடைக்கும். மூன்றாவதன் விடையைத் தேடும்போது நம் வகுப்பறையையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். படிப்பினையை அதற்குப் பிறகு எழுதலாம்.