ஒலிப்பதிவுக் கருவி செய்யப் புறப்பட்ட மருமகளுக்கு

கண்ணு, நீயும் உன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் தானா ராத்தாவில் ஒரு கடையின் மேல்மாடியை வாடகைக்குப் பிடித்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். கணினியில் ஒலிப்பதிவு செய்யும் மென்பொருள் எழுதப் போகிறீர்களாம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் இந்தக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பழைய பாட்டுகளைப் பதிய மைக்கும் கையுமாக அலைந்து, உன்னைப் போன்றவர்கள் செய்த கருவிகளை நம்பியே காலம் தள்ளியவன் உன் மாமன். செய்தவர் குணம் கருவியில் இறங்கிவிடும். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

1. முதலில், கையில் கொடுத்ததைத் தொலைக்காதே. அழகெல்லாம் அப்புறம். வேவ் ஒலிக்கோப்பின் தலைப்பகுதியில், உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற கணக்கு இருக்கும். பதிவு முடிந்த பிறகே அந்தக் கணக்கைச் சரியாக எழுதும் மென்பொருள்கள் உண்டு. நடுவில் மின்சாரம் போனால், ஒலி முழுதும் வட்டில் கிடந்தாலும் கோப்பு காலி என்று காட்டும். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவள் பேர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறாமல் போன மாதிரி. இப்படித்தான் ஒரு பாட்டி பாடிய கும்மி எங்களுக்குக் காலியாகக் காட்டியது. இன்னொரு தடவை பாடுங்கள் என்று கேட்டோம். "வந்தது வந்துச்சு, இனி வராது சாமி" என்று வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார். பிறகு கோலாலம்பூரில் ஒரு பையன் தலைப்பகுதியை மட்டும் சரிசெய்து பாட்டை மீட்டுக் கொடுத்தான். அப்படிப்பட்ட பாட்டு இனிப் புதிதாகப் பிறக்காது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ (BOH) தேயிலைத் தோட்டத்தில் இன்று இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரம் கொழுந்தை வெட்டுகிறது. அந்த இரைச்சலில் யார் பாடுவது? கூடைக் காலத்துப் பாட்டு போனால் போனதுதான். ஆகவே, சில விநாடிக்கு ஒருமுறை கணக்கை எழுதிக்கொண்டே போகச் செய். பதிவு ஓடும்போதே மின்கம்பியைப் பிடுங்கிச் சோதித்துப் பார். சலிக்கும்வரை பிடுங்கு, சலித்த பிறகும் பிடுங்கு.

2. முடியாததை முன்கூட்டியே சொல்லிவிடு. பழைய வேவ் வகைக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் தாங்காது. 48,000 மாதிரி, 24 பிட், இரண்டு தடம் என்று வைத்தால் 4 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் நிரம்பிவிடும். நம் தோட்டத்துக் கோயில் திருவிழா அதோடு முடிகிற சமாசாரமா? எல்லை நெருங்கியதும் அடுத்த கோப்புக்குத் தானே தாவட்டும்.

3. சுத்தம் செய்கிறேன் என்று உயிரை எடுத்துவிடாதே. இதை நான் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். சுங்கை பாலாஸ் பக்கம் ஒரு லயத்து வீட்டில், கணவனை இழந்த ஓர் அம்மா ஒப்பாரி பாடினார். பாதியில் தகரக் கூரைமேல் மழை பிடித்துக்கொண்டது. பிற்பாடு மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியை ஓட்டினோம். மழையின் ஒரு துண்டை அதற்குக் காட்டினால், அதைப் போன்றதையெல்லாம் குறைத்துக்கொண்டே வரும். மழை எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும் ஓசை. மூச்சுக் காற்றும் கிட்டத்தட்ட அப்படித்தான். மழையும் போயிற்று, விம்மலுக்கு முன் அவர் இழுத்த மூச்சும் போயிற்று. கேட்ட மகள், "இதுல எங்கம்மா அழவே இல்லையே" என்றாள். நல்ல வேளை, மூலப் பதிவு தனியாக இருந்தது. உன் கருவி மூலத்தின்மேல் ஒருபோதும் கை வைக்கக்கூடாது. திருத்தியது வேறு கோப்பாகவே பிறக்கட்டும். பளிச்சென்று இருப்பதுதான் நல்ல ஒலி என்ற எண்ணமே எனக்குப் பிடிக்காது. அது விளம்பரக்காரர்கள் பழக்கிவிட்டது.

4. ஒட்டுக் கேட்காதே, கேட்பதாகத் தோன்றவும் விடாதே. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் 1999இல் தொடங்கிய ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், இலவசமாகவே உலகம் சுற்றியது. 2021இல் மியூஸ் குரூப் அதை ஏற்றுக்கொண்டது. கணினி விவரம், பிழை அறிக்கை என்று சின்னச் சின்னத் தகவல்களைத் திரட்டப் போவதாகச் சொன்னதற்கே பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் தன் தனியுரிமை அறிக்கையைத் திருத்த வேண்டி வந்தது. வேறு மென்பொருளாக இருந்தால் இவ்வளவு சத்தம் எழுந்திருக்காது என்பது என் எண்ணம். உன் கையில் இருப்பது பிறர் வீட்டுக்குள் வைத்த மைக், கண்ணு.

5. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். 2002இல் தொடங்கிய ரோக் அமீபா சிறிய நிறுவனம்தான். மேக் கணினியில் ஓடும் ஒலியைப் பிடித்துத் தரும் ஆடியோ ஹைஜாக் போன்ற கருவிகளை வைத்தே நிலைத்துவிட்டது. பாட்டுக் கேட்கும் மென்பொருளான வின்ஆம்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் தன் நிறுவனத்தை ஏஓஎல்லுக்கு விற்றுவிட்டு வந்து, ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைச் செய்தார். 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு 60 டாலர். விலையை இப்படி வெளிப்படையாக வை. மாதச் சந்தா வேண்டாம் என்று நான் சொன்னால் உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

6. தெரியாதவரைத் திட்டாதே. ‘பிழை −9999’ என்று மட்டும் காட்டி நிற்கும் பெட்டியைப் பார்த்திருப்பாய். தோட்டப் பள்ளி ஆசிரியர் அதை வைத்து என்ன செய்வார்? மேக் கணினியில் 2018இன் மொஹாவே பதிப்பிலிருந்து, மைக்கைத் தொடுவதற்கு மென்பொருள் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் பதிவு ஓடுவது போலத் தோன்றும், உள்ளே வெறும் மௌனம் இருக்கும். பாட்டு தொடங்கும் முன்பே, அனுமதி இல்லை, இந்த இடத்தில் போய்க் கொடுங்கள் என்று தமிழிலும் மலாயிலும் சொல்லட்டும் உன் கருவி. கடிதம் போட்டுக் கேட்பவருக்கு நீயே பதில் எழுது. மூன்று பேர் நிறுவனத்தில் அதற்குத் தனி ஆள் எதற்கு?

7. போக வழி வைத்திரு. உன் மென்பொருள் மட்டுமே திறக்கும் சொந்தக் கோப்பு வகை எதையும் உண்டாக்காதே. நிறுவனத்தை மூடும்படி ஆனால் ஆறு மாதம் முன்பே சொல். உரிமச் சோதனையை எடுத்துவிட்ட கடைசிப் பதிப்பு ஒன்றை வாங்கியவர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மூடு. அதற்கான வாசகத்தை முதல் பிரதி விற்கும் முன்பே விற்பனை நிபந்தனையில் எழுதிவிடு. கடன் ஏறிய பிறகு எழுத மனசு வராது.