ஆச்சியின் புது மூட்டு

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த புதன்கிழமை ஆச்சிக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டதால் துணைக்கு நீதான் தங்கப்போகிறாய் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. டாக்டரின் வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற நாலைந்து நாட்கள் ஆச்சி கையிலும் உன் கையிலும்தான். அந்த நாட்களில் "இதைச் செய்யாதீங்க, அதைச் செய்யுங்க" என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் என்று தெரியாமல் ஆச்சி எதற்கும் தலையாட்டியவர் இல்லை. அந்த 'ஏன்'களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு அவருக்கும் சொல்.

பந்து கிண்ண மூட்டு என்று உயிரியலில் படித்திருப்பாய். தொடை எலும்பின் தலை பந்து. அது சுழலும் இடுப்பெலும்புக் குழி கிண்ணம். இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். ஆச்சிக்கு அது தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது. பஸ் படியில் கால் வைக்கும்போது அவர் முகம் சுளிப்பது அதனால்தான். இடுப்பு மூட்டு கெட்டாலும் சிலருக்கு வலி முழங்காலில் தெரியும். முழங்காலுக்கே தைலம் தேய்த்துத் தேய்த்து நாட்களைக் கடத்தியவர்கள் உண்டு.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் முப்பது வயது இளைஞர் இருந்தால் திகைக்காதே. பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் நின்று எலும்பு உயிரிழந்து நொறுங்குவது நம் நாட்டில் இளம் வயதினரிடமும் காணப்படுகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தும் மதுவும் அதற்கு முக்கியக் காரணங்கள். எதிர்க் கட்டிலில், குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்த பெரியவர் இருக்கலாம். அவருக்குப் பந்தை மட்டும் மாற்றுவதும் உண்டு. அதை நாள் கடத்தாமல் செய்தாக வேண்டும். ஆச்சிக்கு அந்த அவசரம் இல்லை, தயாராக நேரம் இருக்கிறது.

செயற்கை மூட்டுக்கு நீண்ட கதை உண்டு. 1960-இல் பர்மாவின் மாந்தளை நகரில் டாக்டர் சான் பா, தொடை எலும்பு முறிந்து ஒட்டாமல் கிடந்த 83 வயது பிக்குணி ஒருவருக்கு யானைத் தந்தத்தில் பந்து செய்து பொருத்தினார். அதே காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயரில், ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில், ஜான் சார்ன்லி கிண்ணத்துக்கு டெஃப்லானைப் பயன்படுத்திவந்தார். முதலில் நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள். சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் கெடுத்தன. சார்ன்லி அந்த டெஃப்லானைத் தன் தொடைக்குள்ளேயே வைத்து, உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது என்று பார்த்தார். தோற்றுப்போன மூட்டுகளைத் திரும்பத் திறந்து சரிசெய்யும் வேலையையும் அவரே செய்தார். 1962 நவம்பரில் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் கிண்ணத்தை முதன்முதலாகப் பொருத்தினார். அதற்குள் 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உலோகப் பந்து. எலும்போடு பிடித்துவைக்க, பல் டாக்டர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த வகை அக்ரிலிக் சிமெண்ட். ஆச்சிக்கு வைக்கப்போவது இதன் வழிவந்த மூட்டுதான். இப்போது சிமெண்ட் இல்லாமல், எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ளும்படி சொரசொரப்பான மேற்பரப்போடும் செய்கிறார்கள். பந்து செராமிக்காகவும் இருக்கலாம். ஆச்சியின் எலும்பு எவ்வளவு உறுதி என்பதைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

இனி, அட்மிஷன். இரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே என்று ஒரு பகல் முழுவதும் போய்விடும். இடுப்பை விட்டுவிட்டுப் பல்லையும் காலில் உள்ள சேற்றுப்புண்ணையும் ஏன் பார்க்கிறார்கள் என்று ஆச்சி கேட்பார். உடம்பில் எங்கே கிருமி இருந்தாலும் அது இரத்தத்தில் ஏறிப் புது மூட்டில் போய் உட்காரலாம். உலோகத்தின் மேல் ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் அகற்றுவது மிகக் கடினம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி கொடுத்ததும் இதனால்தான். ஆச்சி சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ. நாட்டு மருந்துக் கடை லேகியமும் சூரணமும் உட்பட. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை எந்த நாளில் நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றின் நகல்கள் இரண்டிரண்டு வைத்துக்கொள். ஒப்புதல் வந்த பிறகே தேதி உறுதியாகும்.

முதல் நாள் இரவு உணவுக்குப் பிறகு திட உணவு கிடையாது. வயிற்றில் உணவு இருந்தால் மயக்க நிலையில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். "ஒரே ஒரு வாய் காபி" என்று ஆச்சி கெஞ்சினாலும் சிஸ்டரைக் கேட்காமல் கொடுக்காதே. காலையில் டாக்டர் வந்து, மாற்ற வேண்டிய காலில் மை பேனாவால் அடையாளம் இடுவார். தியேட்டருக்குள் பெயர் என்ன, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு மறதி என்று ஆச்சி நினைக்க வேண்டாம். ஆள் மாறாமலும் பக்கம் மாறாமலும் இருக்க உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல் அப்படித்தான் செய்யச் சொல்கிறது.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். "முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி" என்று தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஊசி போன இடத்தில் சில நாள் வலிக்கலாம்; ஆயுள் முழுவதும் நீடிக்கும் வலிக்கு அது காரணமில்லை. நினைவு இருக்கும், வலி இருக்காது. ரம்பமும் சுத்தியலும் வேலை செய்யும் சத்தம் காதில் விழலாம் என்பதால், தூக்கம் வருவதற்கு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதைப் பற்றி மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

தியேட்டர் வாசலில் உன்னை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கண்டிப்பிலும் சார்ன்லியின் பங்கு உண்டு. ஆரம்பத்தில் அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் கிருமித் தொற்று வந்தது. காற்றில் மிதக்கும் கிருமிகளைச் சந்தேகித்து, வடிகட்டிய காற்று வீசும் அறையையும் தலைமுதல் மூடும் உடையையும் கொண்டுவந்தார். தொற்று ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

வெளியே வரும் ஆச்சியைப் பார்த்துப் பயந்துவிடாதே. கையில் டிரிப்ஸ், சிறுநீருக்கு டியூப், மூக்கில் ஆக்சிஜன், இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை. கால் அசையவில்லை என்பார். மரப்பு இறங்கச் சில மணி நேரம் ஆகும்.

முதல் இரவு உனக்குத்தான் கடினம். வயதானவர்களில் சிலர் ஆபரேஷனுக்குப் பிறகு குழம்பிப்போவார்கள். இறந்துபோன தாத்தாவைக் கூப்பிடலாம், டியூபைப் பிடுங்கப் பார்க்கலாம், உன்னையே யார் என்று கேட்கலாம். அது புத்தி பேதலிப்பு அல்ல. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். உடனே சிஸ்டரிடம் சொல். ஆச்சியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடு, காது மெஷினைப் போட்டுவிடு. இது எந்த இடம், என்ன கிழமை, நீ யார் என்று நிதானமாகச் சொல். வாதாடாதே. தெரிந்த முகமும் தெரிந்த குரலும் அந்த நேரத்தில் பெரிய உதவி. மாத்திரைப் பையோடு கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துவைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஆபரேஷன் அன்று மாலையோ மறுநாள் காலையோ பிசியோதெரபிஸ்ட் வாக்கரோடு வந்து நிற்பார். "நேற்றுத்தானே அறுத்தீங்க?" என்று ஆச்சி அதிர்ந்துபோவார். படுத்தே கிடந்தால் கெண்டைக்காலில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. படுத்திருக்கும் நேரமெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வதும், இறுக்கமான காலுறை போடுவதும், வயிற்றில் சின்ன ஊசி போடுவதும் இதற்காகவே. மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுக்கச் சொல்வது நெஞ்சில் சளி கட்டாமலிருக்க.

வலியைப் பொறுத்துக்கொள்வது ஆச்சிக்குப் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் வேண்டாம். வலித்தால் நடக்க மாட்டார். நடக்காவிட்டால் மேலே சொன்ன தொல்லைகளெல்லாம் வரும். பயிற்சிக்கு அரைமணி முன்பே வலி மருந்து கிடைக்குமா என்று கேள். சில வலி மருந்துகள் மலச்சிக்கலைத் தரும்; வெட்கப்படாமல் அதையும் சொல்ல வேண்டும். "பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்று பார்க்க வருகிறவர்கள் பத்தியம் சொல்வார்கள். தசையும் தோலும் கூடுவதற்குப் புரதம் தேவை. பருப்பும் முட்டையும் மீனும் தாராளமாகக் கொடு.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இதைப் படிக்கட்டிலேயே நடத்திக் காட்டிய பிறகுதான் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பந்து கிண்ணத்தைவிட்டு நழுவாமல் பிடித்திருப்பது சுற்றியுள்ள தசையும் சவ்வும். அவை ஆறிக் கெட்டிப்படச் சில வாரங்கள் வேண்டும். பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் அதுவரை மூன்று கட்டுப்பாடுகள்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. கால்களுக்கு நடுவே தலையணை வைத்ததும் இதற்குத்தான். சம்மணம், குந்தி உட்காரும் கழிப்பறை, தரையில் விழுந்த சாவியைக் குனிந்து எடுப்பது எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். எது எத்தனை வாரம், எது எப்போதுமே கூடாது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்.

வீட்டுக்கு வந்தபின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றே போன் செய்ய வேண்டும். நெஞ்சு வலித்தாலும் மூச்சு முட்டினாலும் போன் செய்து காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். திடீரென்று கடும் வலியோடு கால் குட்டையானதுபோல் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கலாம். யாரும் இழுத்துவிட முயலக் கூடாது. தையல் பிரிக்க இரண்டு வாரம் ஆகும்.

கேஸ் ஷீட்டில் மூட்டின் அளவும் எண்ணும் கொண்ட ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். அதன் நகலை வாங்கி ஆச்சியின் பாஸ்புக்கோடு வை. 2019-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின்படி, இத்தகைய மூட்டுகளில் 25 ஆண்டுகள் நீடிப்பவை நூற்றுக்குச் சுமார் 58. எப்போதாவது மாற்ற நேர்ந்தால், உள்ளே எது இருக்கிறது என்பதை அந்தத் துண்டுத்தாள்தான் சொல்லும்.

வீடு திரும்பும் நாளில் ஆட்டோ வேண்டாம். காரின் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சாய்த்து வைத்து, முதலில் உட்காரவைத்துப் பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்குள் வாசல் கால்மிதியையும் கூடத்துப் பாயையும் எடுத்துவிடு. கழிப்பறைக்கு உயரமான கமோடு நாற்காலி வேண்டும். மனை போட்டுத்தான் சாப்பிடுவேன் என்று ஆச்சி அடம்பிடிப்பார். அடுக்களை ஜன்னலோரம், தெருவில் போகிறவர்கள் தெரிகிற மாதிரி, கைப்பிடி வைத்த நாற்காலியும் சின்ன மேஜையும் செவ்வாய்க்கிழமைக்குள் போட்டுவிடச் சொல்லி அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
உன் பெரியம்மா