சிதறிய சிலைகளைத் தேடி

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளாகிய நமக்குச் சிலை பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கைலாசநாதர் கோயில் மதிலோரம் நடந்தாலே போதும். ஆயினும் நம் ஊருக்குரிய சில சிலைகளைக் காண வாஷிங்டன், லண்டன், பாரிஸ், டொராண்டோ முதலிய நகரங்களுக்குச் செல்ல வேண்டும். அல்லது ஒரு கணினியின் முன் அமர வேண்டும்.

அவை யோகினியர் சிலைகள். பத்தாம் நூற்றாண்டில் காஞ்சி வட்டாரத்துக் கோயில் ஒன்றில் கூட்டமாக வீற்றிருந்தவை. அக்கோயில் இன்று இல்லை. புதுச்சேரியில் ஆசிரியப் பணி புரிந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1926இல் இவற்றைத் திரட்டினார். பாரிசில் கலைப்பொருள் வணிகம் செய்த சி.டி. லூ வழியாகப் பல சிலைகள் கடல் கடந்து விலைபோயின. சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. யோகினியரும் உடனிருந்த பிற உருவங்களுமாக 19 சிலைகளைப் பேராசிரியை பத்மா கைமல் 2012இல் வெளியிட்ட நூலில் ஒருசேர ஆராய்ந்தார்.

அன்று அறிஞர்களுக்கே கிட்டிய படங்கள் இன்று நமக்கும் கிட்டுகின்றன. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் சுமார் 28 லட்சம் படங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டது. அங்குள்ள நம் யோகினியைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டியோ காவலரோ குறுக்கே இல்லை. (வழிபாட்டிற்குரிய உருவம் என்பதை மட்டும் மறவாதீர்கள், வேடிக்கைப் பொருளன்று.)

படத்தில் ஒரு குறை உண்டு. மோதிரமும் மலையும் திரையில் ஒரே அளவுதான். ஆகவே வகுப்புச் சுவரில் 116 சென்டிமீட்டர் உயரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடிடுங்கள். அச்சிலை அமர்ந்த நிலையிலேயே ஏறக்குறைய அவ்வளவு உயரம்! கோட்டருகே நீங்கள் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும்.

இரண்டாவது குறை, என் கருத்தில் பெரிய குறை, படத்தின் கீழுள்ள குறிப்பில்தான். ஒரே கூட்டத்துச் சிலைகளுக்குச் சில குறிப்புகள் காஞ்சிபுரம் என்கின்றன. சில, காவேரிப்பாக்கம் என்கின்றன. ஒரு சொல்லை மட்டும் தேடுகிறவளுக்குப் பாதிச் சிலைகள் அகப்படா. பழைய ஏடுகளில் வரும் 'கான்ஜீவரம்' என்னும் பெயரையும் ஆங்கில எழுத்தில் இட்டுத் தேட வேண்டும். குறிப்புகளோ ஆங்கிலத்தில் உள்ளன. தறியில் அமர்ந்திருக்கும் உங்கள் பாட்டிக்கு அவற்றால் என்ன பயன்? பார்வையற்றவருக்குப் படமும் பயன்படாது. யாரேனும் சொல்லால் விவரித்தால்தான் உண்டு.

எனவே இவ்வாண்டுப் பயிற்சி இது: ஆளுக்கொரு யோகினியைத் தேர்ந்துகொள்ளுங்கள். எத்தனை கைகள், எந்தக் கை உடைந்திருக்கிறது, எதை ஏந்தியிருக்கிறாள், தலைமுடி எவ்வாறு விரிந்திருக்கிறது என்று தமிழில் பத்து வரி எழுதுங்கள். 'அழகிய சிலை' என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. எழுதியதைக் கண்களை மூடியிருக்கும் தோழிக்குப் படித்துக் காட்டி, அவளைக் கரும்பலகையில் வரையச் சொல்லுங்கள். ஓரத்தில் அருங்காட்சியகத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் குறிக்கத் தவறாதீர்கள்; அவ்வெண் இருந்தால்தான் அடுத்த ஆண்டு மாணவி அதே சிலையை மீண்டும் தேடி எடுக்க முடியும்.