ஆறு கட்டம், ஒரே பெட்டி

விமான் நகர், புனே

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய ஓடிபி திரையைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் ஆறு கட்டத்தையும் ஆறு தனித்தனி டெக்ஸ்ட் ஃபீல்டாகக் கட்டியிருக்கிறாய். அதைக் கலைத்துவிட்டு மறுபடி எழுது.

எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணை ஒருவர் காப்பி செய்து ஒட்டிப் பார்க்கட்டும். முதல் கட்டத்தில் ஓர் இலக்கம் விழும், மீதி ஐந்தும் போய்விடும். நான்காவது இலக்கம் தப்பு என்று பேக்ஸ்பேஸை அழுத்தினால், கர்சர் அதற்குள் ஐந்தாவது கட்டத்துக்குப் போயிருக்கும். அங்கே அழிக்க ஒன்றுமில்லை. ஒட்டுவது, அழிப்பது எல்லாம் சாதாரணப் பெட்டி சத்தமில்லாமல் செய்துவந்த வேலை. நாமே பெட்டி செய்தால் அத்தனையும் நம் தலையில்தான்.

அதனால் உண்மையான ஃபீல்டு ஒன்றே ஒன்று வை. அதன் எழுத்தையும் கர்சரையும் மறைத்துவிடு. கட்டங்கள் ஆறும் வெறும் படம். ஃபீல்டில் உள்ளதைப் பார்த்து அவை நிரம்பட்டும். ஐபோனில் அதே ஃபீல்டுக்கு 'ஒன் டைம் கோட்' வகையைக் கொடு. 2018-இல் வந்த ஐஓஎஸ் 12 முதல், வந்த எண் கீபோர்டுக்கு மேலேயே தெரியும், ஒரு தட்டில் நிரம்பிவிடும்.

லோஹேகாவ் விமான நிலையம் எங்களுக்குப் பக்கம்தான். வாசலில் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் போனுமாக நிற்பவர்களைப் பார்த்தால் கட்டைவிரலின் பாடு புரியும். தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு சொல்லும் அளவு 48 டிபி, ஆப்பிள் சொல்வது 44 பாயிண்ட். அதற்குக் கீழே போகாதே.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை உன் பெயர்ப் பெட்டி. 15 எழுத்து வரம்பு போட்டிருக்கிறாய். 'மீனாட்சிசுந்தரம்' என்று அடித்துப் பார். நமக்கு அது ஒன்பது எழுத்து. யூனிகோடில் மகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணினால் பதினாறு. ஆண்ட்ராய்டில் கோட்லினின் லெங்த் இந்தப் பதினாறைத்தான் சொல்லும். கடைசிப் புள்ளிக்கு இடமில்லாமல் 'மீனாட்சிசுந்தரம' என்று நின்றுவிடும். தன் பெயரையே சரியாக எழுதவிடாத பெட்டியை நாம் யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஐபோனில் ஸ்விஃப்டின் கவுன்ட் ஒன்பது என்றே சொல்லும். ஆண்ட்ராய்டில் பிரேக் இட்டரேட்டரை வைத்து எண்ணு.

திருத்தியதும், திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை ஓடிபி போட்டுப் பார். அது என்னென்ன வாசிக்கிறது என்று எழுதி அனுப்பு.

உன் அண்ணன்